1848-ல் பறித்த பூ, பருவநிலை மாற்றத்துக்குச் சாட்சி... எப்படி?

ஒரு காட்டுப்பூ 100 வருஷத்துக்கு முன்னாடி எந்த வாரத்தில் பூத்தது என்று இன்று கேட்டால் யார் சொல்வது? இங்கிலாந்தில் அதற்குப் பதில் சொன்னவை, தாளில் ஒட்டி வைத்த காய்ந்த செடிகள்.

ஹெர்பேரியம்னா என்ன?

செடியைப் பூவோடு பறித்து, அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம்தான் ஹெர்பேரியம். ஒவ்வொரு தாளிலும் ஒரு சீட்டு இருக்கும். செடியின் பெயர், பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது அந்தத் தேதிதான்.

77 தாள்கள் சொன்னது என்ன?

தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்வெளிகளில் வளர்வது எர்லி ஸ்பைடர் ஆர்க்கிட். 1848 முதல் 1958 வரை பறிக்கப்பட்ட இதன் 77 மாதிரிகளின் தேதியையும், அந்தந்த ஆண்டின் வசந்தகால வெப்பநிலையையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், பூ சுமார் 6 நாள் முன்னதாகவே பூத்திருக்கிறது.

பழைய சீட்டை நம்பலாமா?

பூ முழுசா மலர்ந்த நாளில்தான் பறித்தார்கள் என்று என்ன நிச்சயம்? நியாயமான சந்தேகம்தான். அதனால், சசெக்ஸ் பகுதியில் 1975 முதல் 2006 வரை நேரில் கண்காணித்து எழுதிய குறிப்புகளோடு சரிபார்த்தனர். அங்கேயும் கிட்டத்தட்ட அதே 6 நாள்! இந்த ஆய்வு 2011-ல் வெளியானது.

6 நாள் முந்தினால் என்ன பிரச்னை?

இந்தப் பூவில் தேன் கிடையாது. ஒரு வகைப் பெண் தேனீயின் வாசனையையும் தோற்றத்தையும் காட்டி, ஆண் தேனீயை ஏமாற்றி வரவழைக்கும். ஏமாந்து வரும் தேனீயின் உடம்பில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். வசந்தத்தில் ஆண் தேனீக்கள் முதலில் வரும், பெண் தேனீக்கள் பிறகுதான் வரும். அந்த இடைவெளிதான் பூவுக்கு வாய்ப்பு.

2014-ல் வெளியான அடுத்த ஆய்வில், அருங்காட்சியகத் தேனீ மாதிரிகளின் தேதிகளையும் பார்த்தனர். 1 டிகிரி கூடினால் ஆண் தேனீ சுமார் 9 நாளும், பெண் தேனீ 15 நாளுக்கு மேலும் முந்துகின்றன. பூ முந்துவதோ 6 நாள்தான். பூ மலர்வதற்குள் நிஜப் பெண் தேனீ வந்துவிட்டால், போலியைத் தேடி யார் வருவார்? மகரந்தச் சேர்க்கை குறையும், விதையும் குறையும்.

தாள்கள் ஏன் முக்கியம்?

எந்தத் தேதியில் பூத்தது என்று வருஷக்கணக்கில் யாரும் குறித்து வைக்காத செடிகள்தான் அதிகம். அவற்றின் பழைய கதைக்கு மிச்சமிருப்பது இந்தச் சீட்டுகள் மட்டும்தான். தாள் பூச்சி அரித்தோ, நனைந்தோ போனால், அந்தத் தேதியை மறுபடி யாராலும் பதிவு செய்ய முடியாது.