கல், சங்கு, கண்ணாடி: கேமியோ மாறி வந்த கதை

ரோமைச் சேர்ந்த கல் செதுக்குநர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி 1815-இன் கடைசியில் லண்டன் வந்தார். ஜோசப் பாங்க்ஸ் என்ற அறிவியலாளரின் வீட்டில் அவர் வேலையாக இருந்தபோது, பழம்பொருள் சேகரிப்பில் பேர்போன ரிச்சர்ட் பெய்ன் நைட் அங்கே வந்தார். மலர்த்தேவி ஃப்ளோராவின் தலை செதுக்கிய ஒரு கேமியோவைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார். அது பண்டைய காலத்து வேலை என்பது அவர் நம்பிக்கை. பிஸ்ட்ருச்சி பார்த்ததுமே, அது தான் செதுக்கியது என்றார். ரோமில் ஒரு வியாபாரி அதைச் சொற்ப விலைக்கு வாங்கிப் போயிருந்தார். நைட் ஒப்பவில்லை. அந்த ஃப்ளோரா இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், பிஸ்ட்ருச்சியின் பெயரில் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் பத்திரப்படுத்திய சவரன் காசில் குதிரை மீதிருந்து டிராகனை வதைக்கும் வீரனின் உருவமும் 1817-இல் இவர் அமைத்ததுதான்.

தேர்ந்தவரையே ஏமாற்றும் இந்த நகையை எப்படி இனம் காண்பது? அது எந்தக் காலத்தில் எந்தப் பொருளுக்கு மாறியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

உருவம் மேலே புடைத்து நிற்பது கேமியோ. முத்திரை மோதிரத்தில் இருப்பதுபோல உள்ளே குழிந்திருப்பது இன்டாக்லியோ. ரோமானியர் காலத்தில் கேமியோவுக்கு உகந்த கல் சார்டோனிக்ஸ். அதன் வெள்ளை அடுக்கில் உருவத்தை வெட்டினால், பழுப்பு அடுக்கு பின்புலமாக நிற்கும். பாரிஸில் உள்ள பிரான்சின் பெரிய கேமியோ ஐந்து அடுக்குக் கல்லில் ஆனது. உயரம் 31 சென்டிமீட்டர். இந்தியாவிலிருந்து வந்த சார்டோனிக்ஸைப் பற்றி ரோம எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். மூன்று கற்களை ஒட்டி ஒரே கல்லாக விற்கும் மோசடியையும் அவர் குறித்து வைத்தார்.

அகேட், ஓனிக்ஸ் போன்ற உண்மையான கல்லில் செதுக்கிய கேமியோ கையில் குளிர்ந்திருக்கும், கனக்கும். இரும்பு ஊசியால் கீறினாலும் தடம் விழாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்களுக்குக் கேமியோ மோகம் பிடித்தது. கல்லுக்குப் பதில் மலிவான வழி தேடியவர்கள் பிரிட்டனில் இருவர். ஜோசையா வெட்ஜ்வுட் 1770-களில் ஜாஸ்பர் என்ற பீங்கானை உருவாக்கினார். மங்கிய நீலத்தின் மேல் வெள்ளை உருவம், மெருகற்ற மேற்பரப்பு. பின்பக்கம் பெரும்பாலும் அவர் பெயர் அழுத்தப்பட்டிருக்கும். ஜேம்ஸ் டாஸி பழைய கற்களைக் கண்ணாடியில் வார்த்தெடுத்தார். 1791-இல் வந்த அவருடைய பட்டியலில் 15,000-க்கும் மேற்பட்ட உருவங்கள் இடம்பெற்றன. கண்ணாடி வார்ப்பை லென்ஸில் பார்த்தால் சின்னக் காற்றுக் குமிழிகள் தெரியும்.

கேமியோவை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுவந்தது சங்கு. வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில், நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் உள்ள டோரே டெல் கிரேகோ பவளம் எடுப்பவர்களின் ஊர். 1805-இல் அங்கே பவளப் பட்டறை தொடங்கியது. 1878-இல் செதுக்குக் கலைப் பள்ளியும் வந்தது. பவளம் செதுக்கிய ஊரே சங்கையும் செதுக்கியது. கல்லைவிடச் சங்கு மென்மையானது, கையுளியாலேயே செதுக்கலாம். பழுப்புப் பின்புலம் தருவது 'காசிஸ் மடகாஸ்காரியென்சிஸ்' என்ற பெருஞ்சங்கு. பெயரில் மடகாஸ்கர் இருந்தாலும் அது கரீபியன் கடலில் வாழ்வது. செம்மஞ்சள் பின்புலத்துக்கான சங்கு கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தது. சங்குக் கேமியோவின் பின்பக்கம் சற்றே குழிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உருவம் நிழலாகத் தெரியும்.

வெசூவியஸ் அருகே உள்ள பொம்பெயி இடிபாடுகளைப் பார்க்கப் போன பயணிகள் வாங்கி வந்தது 'லாவா' கேமியோ. பெயர்தான் லாவா, பெரும்பாலும் அது வெசூவியஸ் பகுதியின் மென்மையான சுண்ணாம்புக்கல். சாம்பல், பழுப்பு, ஆலிவ் நிறங்களில், ஆழமாகச் செதுக்கியிருப்பார்கள். 1861-இல் கணவர் ஆல்பர்ட்டை இழந்த விக்டோரியா மகாராணி துக்கம் காத்ததால், இங்கிலாந்தின் விட்பி ஊரில் கிடைத்த ஜெட் என்ற கருநிறப் பொருளில் செதுக்கிய கேமியோவுக்கு நல்ல காலம் பிறந்தது. ஜெட் மிக இலேசானது, தொட்டால் குளிராது. மெருகற்ற பீங்கானில் தேய்த்தால் பழுப்புக் கோடு விழும். அதற்குப் போலியான கறுப்புக் கண்ணாடி கனமாக, சில்லென்று இருக்கும்.

அடுத்து வந்தது பிளாஸ்டிக். முடிச்சுருளும் இதழ் நுனியும் மழுங்கி, ஓரத்தில் அச்சுக் கோடு தெரிந்தால் அது வார்ப்பு. இப்போது மீயொலிக் கருவியால் அகேட்டில் ஒரே உருவத்தை நூற்றுக்கணக்கில் வெட்டுகிறார்கள். கல் அசல்தான், கைவேலை இல்லை. லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பு முழுதும் ஒரே சீரான பொடிப்பொடித் தடம் தெரியும்.

ஆகவே, வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பொருளை அல்ல, செதுக்கலை. தட்டையாக வெட்டிய அகேட்டைவிட நுணுக்கமாகச் செதுக்கிய சங்குக்கு அதிக விலை தருவது தகும். தினமும் அணிய அகேட் ஏற்றது. சங்கை விசேஷ நாளுக்கு வைத்துக்கொண்டு, வெயிலும் வாசனைத் திரவியமும் படாமல் காப்பது நல்லது. எதை வாங்கினாலும் விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். விரிசல் ஓடியிருந்தால் முழு விலை கொடுக்காதீர்கள்.