டோப்பமின் ஒளிர் உணரிகள்

உயிருள்ள மூளையில் டோப்பமின் என்னும் நரம்புக் கடத்தியின் அளவு கூடிக் குறைவதை ஒளிமாற்றமாகக் காட்டும் மூலக்கூற்றுக் கருவிகள். மரபணுவழிப் புரத உணரிகள், கரிம நானோகுழாய் உணரிகள் என இருவகைப்படும், முன்னதே பெருவழக்கு.

அமைப்பும் செயலும்: புரத உணரியில், செல் சவ்வை ஏழுமுறை ஊடுருவும் டோப்பமின் ஏற்பியின் ஐந்தாம், ஆறாம் சுருள்களுக்கு இடைப்பட்ட உட்புற வளையத்தில், முனைகள் மாற்றியமைக்கப்பட்ட பச்சை ஒளிர் புரதம் செருகப்படுகிறது. டோப்பமின் பிணைந்ததும் ஏற்பி வடிவம் மாறி ஒளிர்வு கூடுகிறது. உணரியின் மரபணுவை நோய் உண்டாக்காத வைரஸ் நியூரான்களுக்குள் சேர்க்கிறது. மெல்லிய ஒளியிழை வழியே நீல ஒளி செலுத்தப்பட்டு, திரும்பும் பச்சை ஒளி அளக்கப்படுகிறது. மத்தாப்பின் பச்சை நிறம், சூட்டில் பேரியம் சேர்மங்கள் உமிழ்வது. உணரியின் பச்சையோ நீல ஒளியை உறிஞ்சி வெளிவிடப்படுவது. அதற்கு வெப்பம் தேவையில்லை.

வரலாறு: டோப்பமின் தனித்த நரம்புக் கடத்தி என்பதற்கு 1957-இல் ஆர்விட் கார்ல்சன் சான்றளித்தார் (நோபல் பரிசு, 2000). ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962-இல் விவரித்தார் (நோபல் பரிசு, 2008). 2018-இல் கலிஃபோர்னியாவில் லின் தியான் குழு டி1 ஏற்பியிலிருந்து டிலைட்1 உணரியையும், பெய்ஜிங்கில் யூலோங் லீ குழு டி2 ஏற்பியிலிருந்து கிராப்-டிஏ உணரியையும் உருவாக்கின.

சிறப்பும் வரம்பும்: மூளைத் திரவ மாதிரியைப் பகுக்கும் நுண்ஊடுபகுப்பு முறை நிமிடக் கணக்கில் தரும் விவரத்தை இவை நொடிக்கும் குறைவான இடைவெளியில் தருகின்றன. வெகுமதிவழிக் கற்றல், போதைப் பழக்கம், பார்க்கின்சன் நோய் ஆகியவற்றை விலங்குகளில் ஆராய உதவுகின்றன. பெரும்பாலும் சார்பு மாற்றத்தையே காட்டுவதால், துல்லியச் செறிவைக் கணிப்பது கடினம்.