கரிசலில் குழாயும் பெட்டியும்

1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் இயங்குசுருள் ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அத்தத்துவத்தில் இயங்கும் கூம்புக் குழாய், பின்னாளில் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் ஊர்களுக்குக் கல்யாண வீட்டு ‘ரேடியோ செட்’டோடு வந்து சேர்ந்தது. சமதளமான பருத்திக்காட்டைக் கடந்து, இசைத்தட்டு வாங்க இயலாத குடிசைக்கும் இசை போயிற்று.

கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாகசுரம், ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்தது. இத்தகைய இசைக்குக் குழாய் பொருந்தியது. நாகசுரமும் அணசில் விரியும் கூம்புக்குழல் அன்றோ! கூம்பு சிறு மின்திறனையும் பேரொலியாக்கும். ஆயினும் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். எனவே தவிலின் வலந்தலை கேட்டது, தொப்பி தேய்ந்தது. மேளத்தை நேரில் கேட்டவர்களே அக்குறையை அறிந்தனர்.

பின்னர் மரப்பெட்டி ஒலிபெருக்கி வீட்டுக்குள் வந்தது. ஒலித்தகட்டின் பின்புற ஒலி முன்புற ஒலியோடு கலந்து அழியாதபடி பெட்டி காப்பதால், தொப்பியின் நாதம் மீண்டது. கேட்கும் செவிகளோ ஒரு கூடத்துக்குள் அடங்கின.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுத்தன. நோயாளியின் உறக்கத்துக்கு அது நியாயமே. எனினும், தாம் கேட்ட ஒலிபெருக்கிகளை எண்ணிப் பார்க்கும் சுவைஞர், நாதத்தின் தெளிவோடு அதைப் பகிர்ந்துகொண்ட ஊரையும் கணக்கில் சேர்ப்பதே முறை.