சின்ன அறையும் காற்றும்

சம்பள நாளில் தஞ்சோங் மாலிம் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போய், திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் எங்கே ஒதுங்குவீர்கள்? அஞ்சடியில்தானே! அந்த அஞ்சடிக்கு ஒரு வரலாறு உண்டு. 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகரை வகுத்த ராஃபிள்ஸ், ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடைபாதை விடவேண்டும், அது எந்நேரமும் எல்லாருக்கும் திறந்திருக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். அவ்வழக்கம் மலாயா நகரங்களுக்கும் பரவியது. 1892ஆம் ஆண்டுத் தீயில் பாதிக்குமேல் அழிந்த ஈப்போ, நேரான தெருக்களோடு மீண்டும் எழுந்தபோது, அதன் கடைவீடுகளும் இந்த அமைப்பிலேயே அமைந்தன.

கடைவீட்டின் முகப்பு குறுகலானது. உள்ளே நீளம் அதிகம். இரு பக்கச் சுவர்களும் அடுத்த வீட்டுக்குப் பொது. ஆகவே வெயில் அவற்றைத் தொடுவதில்லை. செங்கல்லும் மிச்சம். நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்று இருக்கும். சூடான காற்று அதன் வழியே மேலே போகும். அஞ்சடி நிழலில் ஆறிய காற்று வாசல் வழியே உள்ளே வரும். மின்சாரம் வேண்டாத விசிறி என்றே சொல்லலாம்!

இத்தகைய வீடுகளின் மாடியில் சின்னச் சின்ன அறைகள் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். நம்மவர்களும் இதற்குப் புதியவர்கள் அல்லர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளில், பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாயை விரித்துப் படுத்தார்கள். ஆளுக்குச் சில அடி இடம், ஒரு பெட்டகம், அவ்வளவுதான்.

பின்னர்க் குளிர்சாதனம் வந்தது. பல இடங்களில் முற்றத்தை மூடிவிட்டார்கள். மூடிய பிறகு இயந்திரம் இல்லாமல் இருக்க முடியவில்லை! இப்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் 'பசுமை விடுதி' என்று புதுமையாகப் பேசுகிறார்கள். ஈப்போ பழைய நகரில் கோங் ஹெங் என்ற கட்டடம் இருக்கிறது. முன்பு சீன நாடகக் கலைஞர்கள் தங்கிய இடம் அது. அதை இடிக்காமலே தங்கும் விடுதியாக மாற்றினார் இங் செக் சான் என்ற வடிவமைப்பாளர். பழைய சுவரை வைத்துக்கொண்டால், புதிய செங்கல் சுடவும் சிமெண்டு செய்யவும் விறகோ எண்ணெயோ எரிக்கவேண்டியதில்லை அல்லவா?

"எங்கள் லயத்து அறையும் சின்னதுதானே, அதை யாரும் புகழவில்லையே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய பழைய லயங்களில் பின்பக்கம் சன்னல் கிடையாது. அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். மேலே தகரம் காயும். அறை சிறியது என்பதைவிட, காற்றுக்கு வழி விடாமல் கட்டினார்கள் என்பதே பெருங்குறை. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் 1966இல்தான் வந்தது. ராஃபிள்ஸ் கட்டளைக்குப் பிறகு 144 ஆண்டுகள்!

தோட்டத்தைவிட்டுப் பட்டணத்தில் அறை தேடும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் பலர். தஞ்சோங் மாலிமில் ரயிலேறி ஈப்போவில் இறங்கினால், பழைய நகரத்துக் கடைவீடு ஒன்றினுள் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வாடகை பேசப் போகும்போது, முதலில் சன்னலைத் திறந்து பார்க்கட்டும்.