சான் ஃபெர்மின் திருவிழா

ஸ்பெயினின் வடக்கே, நவாரா மாநிலத் தலைநகர் பாம்ப்லோனாவில் ஆண்டுதோறும் ஜூலை 6 முதல் 14 வரை நடக்கும் விழா. முதல் நாள் நண்பகலில் நகரமன்ற மாடத்திலிருந்து விடும் வாணவெடியோடு தொடங்குகிறது. வெள்ளை உடையும் கழுத்தில் சிவப்புத் துணியும் அணிந்த கூட்டம் இரவு பகலாகக் குடித்து ஆடிப்பாடும்.

ஜூலை 7 முதல் தினமும் காலை 8 மணிக்குக் காளை ஓட்டம். அதற்குச் சற்று முன், சாந்தோ தொமிங்கோ தெருச் சுவர் மாடத்திலுள்ள புனித ஃபெர்மின் சிலையின் முன் நின்று, சுருட்டிய செய்தித்தாளை உயர்த்தி, ஓடுபவர்கள் காப்புக் கேட்டுப் பாடுகிறார்கள். வெடி முழங்கியதும் 6 காளைகள் பழக்கிய மாடுகளோடு பாய்ந்து வருகின்றன. எஸ்தாஃபேதா தெருத் திருப்பத்தில் அவை கல் தளத்தில் வழுக்கி வேலியில் மோதும். சுமார் 850 மீட்டர் ஓட்டம் பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதே காளைகள் அன்று மாலை அரங்கில் கொல்லப்படுகின்றன. விழாவின் மகிழ்ச்சியில் அழியாத கறை இது.

பாரிஸிலிருந்து இவ்விழாவுக்குப் புறப்படும் நண்பர் குழுவைப் பற்றி ஹெமிங்வே 1926-இல் எழுதிய நாவல்தான் உலகத்தை இங்கே இழுத்தது. 1910 முதல் 16 பேர் ஓட்டத்தில் இறந்துள்ளனர். நண்பர்களோடு போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதே நல்லது. ஓடித்தான் ஆகவேண்டுமென்றால், விழுந்தபின் எழ முயலாமல் தலையைக் கைகளால் மூடிப் படுத்திருங்கள்.