ஒன்றுக்கு இருபது: பெல்லூஸ்டவுன் 1975-உம் தொடக்க விலையின் பொருளும்

குதிரைப் பந்தயத்தில் ஓட்டம் தொடங்கும் நேரத்துப் பந்தய விலையான தொடக்க விலையைச் சந்தையின் கடைசித் தீர்ப்பாகக் கொள்ளும் ஆய்வு மரபு ஒன்று உண்டு. குதிரைகள் புறப்படும்வரை கசிந்த தகவலெல்லாம் அந்த எண்ணில் அடங்கிவிடுகிறது என்பது அதன் துணிபு. பெல்லூஸ்டவுன் நிகழ்வை அம்மரபினர் சுவையான விதிவிலக்கு என்று ஒதுக்குகிறார்கள். அங்கேதான் அவர்களிடமிருந்து வேறுபடுகிறேன்.

1975 ஜூன் 26 அன்று அயர்லாந்தின் பெல்லூஸ்டவுன் திடலில் யெல்லோ சாம் என்ற குதிரை தடைதாண்டும் பந்தயமொன்றில் வென்றது. தொடக்க விலை ஒன்றுக்கு இருபது. அதன் உரிமையாளர் பார்னி கர்லியின் ஆட்கள் நாடெங்கும் பந்தயக் கடைகளில் சிறுசிறு தொகைகளாக, தொடக்க விலைக்கே, சுமார் 15,000 பவுண்டு கட்டியிருந்தார்கள். வந்தது 3,00,000 பவுண்டுக்கு மேல். இப்படிப் பணம் குவிந்தால் கடைக்காரர்கள் திடலிலுள்ள தம் ஆளுக்குப் போன் போட்டு, அதே குதிரைமேல் கட்டச் சொல்லி விலையை இறக்குவது வழக்கம். அன்று திடலின் தொலைபேசியைக் கர்லியின் கூட்டாளி விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சாகக் கிடக்கும் அத்தையைப் பற்றி உருக்கமாகப் பேச்சு; அப்படியோர் அத்தையே கிடையாது.

போன் அடைபட்டதால் விலை பொய்த்தது என்பதே வழக்கமான வாசிப்பு. சரி, போன் வேலை செய்திருந்தால்? கடைகள் தாம் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திடலுக்கு அனுப்பியிருக்கும், விலை சரிந்திருக்கும். அந்த விலையை யார் உண்டாக்கியிருப்பார்கள்? எந்த விலைக்குப் பணம் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தார்களோ, அதே விலையைக் குறைப்பதில் ஆதாயம் உள்ளவர்கள். கட்டியவர்களின் மதிப்பீடு அங்கும் நேராகப் பதிவாகியிருக்காது. ஒருவகையில் பார்த்தால், போன் அடைபட்ட அன்றுதான் திடலின் விலை திடலுடையதாகவே இருந்தது.

விலையை இப்படி இறக்க எவ்வளவு பணம் வேண்டும்? பிரிட்டனில் பின்னாளில் நிலைத்த கணக்கு முறை விளக்கம் தரும்; அன்றைய அயர்லாந்தில் அதே விதி இருந்ததாக நான் வாதிடவில்லை. திடலில் பந்தயம் ஏற்கும் புக்கிகளின் பலகை விலைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, இரண்டாகப் பகுத்து, மேற்பாதியின் மிகச் சிறிய விலையை எடுப்பார்கள். பத்துப் பலகைகளில் இரண்டு 10, நான்கு 9, நான்கு 8 காட்டினால் ஐந்தாவது இடத்தில் நிற்பது 9. இரண்டு புக்கிகளை மட்டும் 9-லிருந்து 8-க்கு இறங்க வைத்தால் விலை 8 ஆகிவிடும். எஞ்சிய நான்கு பலகைகளில் 9-உம் 10-உம் அப்போதும் கிடைக்கும்! நாடு முழுக்கக் கட்டியவர்களுக்கோ 8 மட்டுமே.

கடைகள் அனுப்பும் பணமும் ஒரு தகவல்தானே என்று மறுக்கலாம். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பணத்தின் அளவு குதிரையின் வாய்ப்பை மட்டும் சார்ந்ததல்ல. தொடக்க விலைக்கு எவ்வளவு பணம் ஏற்கப்பட்டது என்பதையும் சார்ந்தது. ஒரே பந்தயத்தை வைத்துப் பேசுகிறேன் என்ற ஆட்சேபம் பொருட்படுத்தத் தக்கதல்ல: பேச்சு விலை உருவாகும் விதத்தைப் பற்றியது, சராசரியைப் பற்றியது அன்று.

அந்த விதமே மாறிய காலமும் உண்டு. 2020 ஜூனில் பார்வையாளரின்றிப் பிரிட்டனில் பந்தயங்கள் மீண்டும் தொடங்கியபோது திடலில் புக்கிகள் இல்லை. தொடக்க விலை திடலுக்கு வெளியே உள்ள பந்தய நிறுவனங்களின் விலைகளிலிருந்தே கணிக்கப்பட்டது. பெயர் மாறவில்லை. எனினும் அந்த மாத எண்களையும் அதற்கு முந்திய எண்களையும் ஒரே தொடராக்கி, வெல்லும் வாய்ப்புக் குறைந்த நெடுவிலைக் குதிரைகளின்மேல் மக்களுக்குள்ள மோகத்தை அளப்பது இரண்டு வேறு பொருள்களைக் கூட்டுவதாகும்.