திருமணப் பதிவும் விசாவும்: புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடும்பங்கள், 1962 முதல்

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரை மணந்து பிரான்சுக்குப் போவது புதுச்சேரியில் இரண்டு தலைமுறைகளாக நடந்துவருகிறது. இந்த வழி, புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. 1956 மே 28-இல் கையெழுத்தான அது, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய சொல்தா குடும்பங்கள் பலவும் அப்படி எழுதிக்கொடுத்தன.

அன்று இருந்த 1945-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, பிரெஞ்சுக்காரரை மணக்கும் அயல்நாட்டுப் பெண் பொதுவாகத் திருமணத்தோடே பிரெஞ்சுக் குடிமகளானாள். மணமகன் அயல்நாட்டவர் என்றால் அந்த உரிமை கிடையாது. 1973 ஜனவரி 9-ஆம் நாள் சட்டம்தான் இருபாலரையும் சமமாக்கியது. தாலி கட்டியதும் தானாக வந்த குடியுரிமை, அதன்பின் மனுப்போட்டுப் பெறுவதாயிற்று. காத்திருப்புக் காலம் 1993-இல் இரண்டு ஆண்டு, 1998-இல் ஒன்று, 2003-இல் மீண்டும் இரண்டு, 2006-இல் நான்கு என்று மாறியது. பிரான்சில் தொடர்ந்து மூன்றாண்டு வசிக்காமலும், துணைவரின் பெயர் தூதரகப் பதிவேட்டில் இல்லாமலும் இருந்தால் ஐந்து.

2006 நவம்பர் சட்டம் சோதனையைத் திருமணத்துக்கு முன்பே கொண்டுவந்தது. இந்தியாவில் மணம் முடிப்பதற்குமுன் துணைத் தூதரகத்தில் தகுதிச் சான்று வாங்க வேண்டும். திருமண அறிவிப்பு ஒட்டப்படும். இருவரையும் தனித்தனியே அழைத்து விசாரிக்கலாம். மணமகன் தரப்பில் பிரெஞ்சுப் பதிவேட்டில் உள்ள குடும்பப் பெயர் இருக்கும். பெண்ணின் பாஸ்போர்ட்டிலோ அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். ஆவணத்துக்கு ஆவணம் பெயர் மாறினால் கோப்பு நின்றுவிடும். முதல் திருமணம் பிரெஞ்சுப் பதிவில் இன்னும் இருந்தால், அது முறிந்ததற்குச் சட்டப்படியான சான்றும் வேண்டும். இதையெல்லாம் கடந்து திருமணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறினால்தான் விசா.

ஆனால் அந்த விசாவை மறுக்கச் சட்டம் ஒப்புகிற காரணங்கள் சிலவே: மோசடி, திருமணம் ரத்தானது, பொது ஒழுங்குக்கு அச்சுறுத்தல். குற்றப் பதிவு குடியுரிமை மனுவின்போதுதான் கடுமையாகப் பார்க்கப்படுகிறது. நிறுத்திவைக்கப்படாத ஆறு மாதச் சிறைத்தண்டனையே தடையாகும். விசாவுக்கு வருமான வரம்பும் கிடையாது. பிரிட்டனோ 2024 ஏப்ரல் முதல் அழைக்கும் துணைவரிடம் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் கேட்கிறது. ஒருவரின் பணம் குறைவு என்பதற்காகக் குடும்பத்தைப் பிரித்துவைக்காத பிரெஞ்சு முறையே நியாயம் என்று கருதுகிறேன்.

ஆஸ்திரேலியா வேறொரு பக்கம் பார்க்கிறது. அங்கே ஒருவர் வாழ்நாளில் பொதுவாக இரண்டு துணைவர்களுக்கே ஸ்பான்சர் ஆகலாம். இடையே ஐந்தாண்டு இடைவெளி வேண்டும். 2016 நவம்பர் முதல் ஸ்பான்சரின் போலீஸ் பதிவும் சோதிக்கப்படுகிறது. வன்முறைக் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை பெற்றவரின் ஸ்பான்சர் மனு மறுக்கப்படலாம். கணவர் ஒருவரை மட்டும் நம்பி ஊர்விட்டு ஊர் போகும் பெண்ணுக்கு இது உண்மையான காவல். பிரெஞ்சுக் கோப்பு வருகிறவரைத்தான் துருவுகிறது, அழைப்பவரின் முன்கதையை அவளுக்குச் சொல்வதில்லை.

பிரான்சில் குற்றப் பதிவின் மூன்றாம் எண் சான்றை உரியவர் மட்டுமே கேட்டு வாங்க முடியும், கட்டணம் இல்லை. புதுச்சேரியில் சம்பந்தம் பேசும்போது வேலையையும் வீட்டையும் விசாரிக்கும் பெண் வீட்டார், நிச்சயதார்த்தத்துக்கு முன் மாப்பிள்ளையிடம் அந்தச் சான்றையும் கேட்டு வாங்கலாம்.